மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஃபிசியோதெரபி: பயிற்சியும் காப்பீட்டுப் பணமும் கைநழுவாமல் இருக்க

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வரும் நாளில் இரண்டு கெடுக்கள் தொடங்குகின்றன. ஒன்று மூட்டின் கெடு. முதல் ஆறு வாரத்துக்குள் மடங்கிப் பழகாத மூட்டு அதற்குப் பிறகு லேசில் வழிக்கு வராது. இன்னொன்று பாலிசியின் கெடு. டிஸ்சார்ஜ் ஆன பிறகான செலவை 60 நாள் வரையிலோ 90 நாள் வரையிலோதான் பெரும்பாலான பாலிசிகள் ஏற்கும். சில பாலிசிகளில் 180 நாள் வரை உண்டு. இரண்டுமே யாருக்காகவும் காத்திருப்பதில்லை. "வலி கொஞ்சம் குறையட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மூன்று வாரம் தள்ளிப்போடும் குடும்பங்கள் மூட்டையும் பணத்தையும் சேர்த்தே இழக்கின்றன.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டது. அரசு வழிகள் பின்னால் வருகின்றன.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

நம் நாட்டில் வழக்கமான மருத்துவக் காப்பீடு ஃபிசியோதெரபிக்கென்று தனியாகப் பணம் தருவதில்லை. மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்து எடுத்த சிகிச்சையின் தொடர்ச்சியாகத்தான் அதைப் பார்க்கிறது. பாலிசியில் "மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு" என்று ஒரு பிரிவு இருக்கும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். எந்த நோய்க்காகச் சேர்ந்தீர்களோ அதே நோய்க்கான செலவாக இருக்க வேண்டும். மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கான கிளைம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். முதன்மை கிளைம் நிராகரிக்கப்பட்டால் ஃபிசியோதெரபி பில்லும் அதோடு போய்விடும்.

கழுத்துவலி, முதுகுவலி, தோள் இறுக்கம் என்று மருத்துவமனையில் சேராமலே எடுக்கும் ஃபிசியோதெரபிக்கு ஒரு ரூபாயும் வராது. பாலிசியில் ஓபிடி கவர் (புறநோயாளிச் செலவுக்கான காப்பு) தனியாகச் சேர்த்திருந்தால் மட்டும், அதன் வரம்புக்குள் கிடைக்கும். "ரெண்டு நாள் அட்மிட் ஆயிடுங்க, கிளைம் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்வது, ஓய்வுக்காக மட்டும் சேர்வது ஆகிய இரண்டும் எல்லாப் பாலிசிகளிலும் உள்ள பொதுவான விலக்குகள். இரண்டாவது விலக்கின் தலைப்பிலேயே 'மறுவாழ்வு' என்ற சொல்லும் இருக்கிறது. அப்படிச் சேர்ந்தால் கிளைம் போவதோடு, பொய்த் தகவல் கொடுத்தார் என்ற பதிவும் உங்கள் பெயரில் விழும்.

அறுவைக்கு முன்: பாலிசியில் பார்க்க வேண்டிய இடங்கள்

தேய்மானத்தால் செய்யும் மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. வழக்கமாக 24 மாதம் அல்லது 36 மாதம். விபத்தில் மூட்டு உடைந்து மாற்ற நேர்ந்தால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பும் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2024 முதல் நடைமுறையில் உள்ள விதி. இடைவெளி விடாமல் 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசியில், முன்பே சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய கிளைமையே கவிழ்க்கிறது. மருத்துவமனையில் சேரும்போது, "எவ்வளவு நாளாக வலி?" என்று டியூட்டி டாக்டர் கேட்பார். நம்மவர்கள் வாய்வழக்கமாக, "அது இருக்கும் ஒரு பத்து வருஷமா" என்பார்கள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். பாலிசிக்கு நான்கு வயதுதான் ஆகிறது என்றால், 'நோய் முன்பே இருந்தது, மறைத்துவிட்டார்' என்று கடிதம் வரும். பொய் சொல்லச் சொல்லவில்லை. முதன்முதலில் எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள், எக்ஸ்ரே எந்த ஆண்டு எடுத்தது என்பதைப் பழைய சீட்டுகளைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். மாடி ஏறினால் எப்போதாவது வலித்ததும், மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதும் ஒன்றல்ல.

அடுத்தது அறை வாடகை. 5 லட்சம் பாலிசியில் நாளுக்கு 1 சதவீதம் என்று வரம்பு இருந்தால் 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால் பிடித்தம் அந்த 3,000 ரூபாயோடு நிற்காது. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்சிங் எல்லாமே எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டப்படும். மருந்து, செயற்கை மூட்டு, பரிசோதனை ஆகியவற்றை இந்த விகிதத்தில் வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

பிந்தைய செலவுப் பிரிவில் நாட்களின் எண்ணிக்கையோடு பண வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பழைய பாலிசிகளில் மருத்துவமனை பில்லில் இத்தனை சதவீதம் என்று மிகச் சிறிய தொகையோடு நிறுத்திவிடுவார்கள். அப்படி இருந்தால் முப்பது முறை ஃபிசியோவை வீட்டுக்கு வரவழைத்துவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, முன்கூட்டியே திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் கிளைமைக் கவனிக்கும் டிபிஏவுக்கோ தகவல் போக வேண்டும். அவசரச் சேர்க்கை என்றால் 24 மணி நேரத்துக்குள். தகவல் கொடுத்ததற்கான எண்ணைப் பின்னால் எல்லாக் கடிதத்திலும் எழுத வேண்டியிருக்கும். பத்திரமாக வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

ஃபிசியோதெரபி கிளைமின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பல சம்மரிகளில் கடைசியில் 'ஃபிசியோதெரபி தொடரவும்' என்று மட்டும் இருக்கும். எத்தனை நாள், எங்கே, எதற்கு என்று இல்லாததால், பில்லைப் பார்க்கும் அதிகாரி கேள்வி எழுப்புவார். சம்மரி டைப் ஆவதற்கு முன்பே அறுவை செய்த டாக்டரிடம் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்:

"வலது முழங்கால் முழு மூட்டு மாற்று அறுவைக்குப் பின், மூட்டு அசைவையும் தொடைத் தசை வலுவையும் மீட்க, தகுதி பெற்ற ஃபிசியோதெரபிஸ்ட் மூலம் வீட்டில் பயிற்சி: முதல் 2 வாரம் வாரத்துக்கு 6 முறை, அடுத்த 4 வாரம் வாரத்துக்கு 3 முறை, அதற்கடுத்த 2 வாரம் வாரத்துக்கு 2 முறை."

இது எட்டு வாரம், மொத்தம் 28 முறை. 56 நாளில் முடிவதால் 60 நாள் பாலிசிக்கும் அடங்கும். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த 60 நாளில் சேர்த்திதான். டாக்டரின் இந்தக் குறிப்பில் உள்ள தேதி, ஃபிசியோ முதலில் வந்த தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. பில் எல்லாம் சேர்ந்த பிறகு ஓ.பி.க்குப் போய்ப் பழைய தேதி போட்டுச் சீட்டு வாங்குவது தெளிவாகத் தெரிந்துவிடும்.

பெயரையும் அங்கேயே சரிபாருங்கள். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பாலிசியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், மருத்துவமனையில் இனிஷியலே இல்லை என்றால் மூன்று பேராகத் தெரியும். பாலிசியில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம்: வீட்டில் செய்ய வேண்டியவை

சிக்கல் இல்லாத அறுவை என்றால் அன்றைக்கோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் நடக்கும் முதல் தவறு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. வைத்ததும் சுகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் மூட்டு லேசாக மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். முழுதாக நீளாத கால் நடையில் கெந்தலாக வெளிப்படும்; தொடைத் தசையும் சீக்கிரம் களைத்துவிடும். மடக்குவதில் மட்டும் குறியாக இருந்து நீட்டுவதை விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலின் பின்பக்கம் படுக்கையைத் தொடாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். 10 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. காலின் எடையே மூட்டை நீட்டிவிடும்.

அதே நிலையில் தொடைத் தசையை இறுக்கி 5 எண்ணும்வரை பிடித்து விடுவது ஒரு பயிற்சி, பத்துப் பத்து முறை. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைப்பது கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. படுத்தபடி குதிகாலை இடுப்பை நோக்கி இழுப்பது மடக்கும் பயிற்சி. மெத்தையில் குதிகால் அமுங்கி இழுபடாது என்பதால் அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

வலி மாத்திரையைப் பயிற்சி முடிந்த பிறகு போடுவது பலரின் பழக்கம். டாக்டர் சொன்ன அளவுக்குள், பயிற்சிக்கு அரை மணி முக்கால் மணி முன்பு போட்டால்தான் அந்த நேரத்தில் மூட்டு விட்டுக்கொடுக்கும். முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ், 15 முதல் 20 நிமிடம். சூடு ஒத்தடம், தைல உருவல் எதுவும் இந்த நாட்களில் வேண்டாம்.

படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. கழிவறையில் வெஸ்டர்ன் இல்லாவிட்டால் கமோடு நாற்காலி ஒன்றை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் கல்லாக இறுகி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தையலிலிருந்து நீர் வடிந்தாலோ, காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தாலோ, அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபிசியோ வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அளவு எழுதுவது: ஒரே தாள், இரண்டு பயன்

நல்ல ஃபிசியோ கோண அளவி இல்லாமல் வரமாட்டார். இரண்டு கை உள்ள அந்தப் பிளாஸ்டிக் அளவியின் நடுப்புள்ளியை மூட்டின் வெளிப்பக்கத்தில் வைத்து, ஒரு கையைத் தொடையெலும்பின் போக்கிலும் மறுகையைக் கணுக்காலை நோக்கியும் வைத்துப் படிப்பார். இரண்டு வாரத்தில் 90 பாகை மடங்க வேண்டும், நீட்டல் சுழிக்கு நெருங்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 110, 120 வரை வரும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதற்கு 90 போதாது, அதற்கும் மேல் வேண்டும்.

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: தேதி, வந்த நேரம், மடங்கல், நீட்டல், செய்த பயிற்சி, அவர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து. 72, 78, 78, 85 என்று எண் ஏறுவதைப் பார்த்தால் வலியைப் பொறுக்கத் தெம்பு வரும். மூன்று வருகையாக எண் அசையவில்லை என்றால் டாக்டரிடம் உடனே பேச வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகும் 90 வராத மூட்டை மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டியிருக்கலாம். அதற்கு மறுபடி மருத்துவமனை, மறுபடி செலவு. காப்பீட்டு அலுவலகத்துக்கும் இதே தாள்தான் சாட்சி. சிகிச்சை உண்மையிலேயே நடந்தது, தேவைப்பட்டது, பலன் தந்தது என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடும்.

பில் எப்படி இருக்க வேண்டும்

'ஃபிசியோதெரபி, 28 முறை, ரூ. 16,800' என்று ஒரே வரியில் வரும் பில் பெரும்பாலும் திரும்பி வரும். ஃபிசியோவின் பெயர், படிப்பு, பதிவு எண், முகவரி அச்சிட்ட தாளில், வரிசை எண்ணோடு, நோயாளி பெயர், எந்த அறுவைக்குப் பின் என்ற குறிப்பு, ஒவ்வொரு தேதியும், ஒவ்வொரு தேதிக்கும் 600 ரூபாய் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். கீழே கையெழுத்து, சீல். பணம் கையில் கொடுப்பதைவிட யுபிஐயில் வாரம் ஒருமுறை அனுப்புவது நல்லது. வங்கிக் கணக்கே ரசீதாகிவிடும். ஃபிசியோதெரபி பட்டம் படிக்காமல், மருத்துவமனையில் உதவியாளராக இருந்த பழக்கத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் கட்டணம் குறைவாகக் கேட்பார்கள். அவர்களது பில் செல்லாது. அதைவிட முக்கியம், புது மூட்டை அவர்களிடம் ஒப்படைப்பது ஆபத்து.

வாக்கர், ஊன்றுகோல், முழங்கால் பட்டை, கிரேப் பேண்டேஜ் போன்றவை வழக்கமான பாலிசியில் கிடைக்காத பொருள்களின் பட்டியலில் உள்ளன. அவற்றுக்கென்று கூடுதல் கவர் எடுத்திருந்தால் தவிர, அந்த பில்லைத் தனியாக வையுங்கள். ஃபிசியோ பில்லோடு கலந்தால் மொத்தமும் கேள்விக்குள்ளாகும். வீட்டில் துணைக்கு வைத்த ஆளின் சம்பளமும் கிடைக்காது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற பராமரிப்பு விலக்கில் அடங்கும்.

அனுப்புவது

அறுவைக்குக் கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) கிடைத்திருந்தாலும், பிந்தைய செலவை நீங்கள் கட்டிவிட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும். மருத்துவமனை இதைச் செய்து தராது. கேஷ்லெஸ் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, இந்தப் பணம் உண்டென்றே அறியாமல் விடுபவர்கள் ஏராளம்.

கிளைம் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி நகல், முதன்மை கிளைம் ஏற்கப்பட்ட கடிதம், டாக்டரின் குறிப்பு, அசல் பில்கள், அளவுத்தாள், ரத்தான காசோலை, ஆதார், பான் நகல். ஆரோக்ய சஞ்சீவனி போன்ற, எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் பொதுப் பாலிசியில், பிந்தைய சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் இவை போய்ச் சேர வேண்டும். அந்தப் பாலிசியில் 60 நாள் கவர், 5 சதவீதம் உங்கள் பங்கு. ஆகவே 16,800 ரூபாய் பில்லில் 840 போக 15,960 வரும். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்த பிறகே அசலை அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் அல்லது கையில் கொடுத்து முத்திரை.

நிராகரித்தால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். 'மறுவாழ்வு விலக்கு' என்று சொல்லியிருந்தால் பதில் இதுதான்: அந்த விலக்கு சிகிச்சைக்காக அல்லாமல் ஓய்வுக்காகச் சேர்வதைப் பற்றியது, நீங்கள் கேட்பது ஏற்கப்பட்ட அறுவையின் பிந்தைய செலவு. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார். நிராகரிப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பாலிசி இல்லாதவர்களுக்கு

ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. விவரத்துக்கு 1800 425 3993. அந்தக் கிளைம் மருத்துவமனைக்கே நேரடியாகப் போவதால், டிஸ்சார்ஜுக்குப் பின் என்ன பயிற்சி அங்கேயே தருவார்கள் என்று வார்டு மேலாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ள தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் செலவு வரம்பில்லாத சிகிச்சை உண்டு. தகுதியோடு ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தொடரலாம்.

பக்கவாதம், தண்டுவடக் காயம் என்றால் 60 நாள் எந்த மூலைக்கும் போதாது. கை கால் மீள்வதற்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். பாலிசி கைவிடும் அந்த இடத்தில் அரசுச் சேவைகளைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால் வரை செய்து தருகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபிசியோதெரபிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஃபிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமோ பெயர் கொடுக்க வேண்டும். வருகைகளுக்கு இடையே நாள் இடைவெளி இருக்கும். ஆகவே அவர் வரும் அன்று வீட்டில் இருக்கும் ஒருவர் பக்கத்திலேயே நின்று, தோளை எப்படித் தாங்கிப் பிடிக்கிறார், எழுப்பும்போது எங்கே கை வைக்கிறார் என்று பார்த்துச் செய்து காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே அனுப்பி வையுங்கள். பக்கவாதத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதால்தான் பலருக்குத் தோள் மூட்டு நழுவி, பயிற்சியே செய்ய முடியாத வலி வந்து சேர்கிறது.